லினக்ஸில் மல்டிமீடியா விசைகள்: எங்கே நிற்கிறது என்று பார்த்து, அங்கே சரிசெய்யுங்கள்

விசைப்பலகையின் மேல் வரிசையில் ஒலியைக் கூட்ட, குறைக்க, பாட்டை நிறுத்த, அடுத்த பாட்டுக்குத் தாவ என்று சில விசைகள் இருக்கும். சில பலகைகளில் கால்குலேட்டர், மின்னஞ்சல், பிரவுசர் திறக்கவும் தனி விசைகள் உண்டு. லினக்ஸ் நிறுவியதும் இவற்றில் பெரும்பாலானவை தாமாகவே வேலை செய்யத் தொடங்கிவிடும். ஒன்றிரண்டு மட்டும் முரண்டு பிடிக்கும். ஒரு விசை எவ்வளவு அழுத்தினாலும் அசையாது. இன்னொரு கணினியில் ஒலி கூடும், குறையும், ஆனால் பாட்டு நிற்காது. மற்றொன்றில் நீங்கள் கேட்கிற பாட்டு ஓடிக்கொண்டே இருக்க, பின்னால் எங்கோ திறந்து கிடக்கும் பிரவுசர் தாவலில் ஒரு வீடியோ ஓட ஆரம்பிக்கும்.

மூன்றையும் "மல்டிமீடியா விசை வேலை செய்யவில்லை" என்றே சொல்வோம். ஆனால் மூன்றுக்கும் காரணம் வேறு, சரிசெய்ய வேண்டிய இடமும் வேறு. புதிதாக வருபவர்கள் தேடலில் முதலில் கிடைக்கும் கட்டளையை ஓட்டிப் பார்த்து, அது பலிக்காமல் அடுத்ததை ஓட்டி, கடைசியில் எதை மாற்றினோம் என்றே தெரியாமல் நிற்பது இதனால்தான். முதலில் அழுத்தம் எதுவரை போய்ச் சேர்கிறது என்று பாருங்கள். எங்கே நிற்கிறதோ அங்கே மட்டும் கை வையுங்கள். இந்தக் கட்டுரை முழுக்க அந்த வரிசையில்தான் போகிறது.

பழைய வழிகாட்டிகளைப் பற்றி ஒரு எச்சரிக்கை. 2000-களில் இந்த விசைகளுக்காகவே கீடச், லினியாக் போன்ற தனி நிரல்கள் இருந்தன. உங்கள் பலகையின் மாடலைப் பட்டியலில் தேடிப் பிடித்து, ஒவ்வொரு விசைக்கும் ஒரு வேலையைக் கட்டிவிட வேண்டும். அந்த வேலையை இன்று லினக்ஸின் மையப் பகுதியான கர்னலும் டெஸ்க்டாப்பும் பகிர்ந்துகொண்டுவிட்டன. அந்தக் காலத்துக் குறிப்புகளை இன்றைய கணினியில் அப்படியே செய்தால் குழப்பம்தான் மிஞ்சும்.

விசையை அழுத்தியதும் என்ன நடக்கிறது

இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படித்துவிடுங்கள். பிறகு வருவதெல்லாம் சுலபமாகிவிடும்.

விசைப்பலகை முதலில் கணினிக்கு ஒரு எண்ணை அனுப்புகிறது. அது ஸ்கேன் கோடு. யூஎஸ்பி பலகைகளில் எழுத்து விசைகள் ஒரு வகையாகவும், ஒலி, பாட்டு போன்ற விசைகள் 'கன்சூமர் கண்ட்ரோல்' என்ற வேறொரு வகையாகவும் போகின்றன. ஒரே பலகையைச் செருகினாலும் சாதனப் பட்டியலில் அது இரண்டு மூன்று பெயர்களில் தெரிவது இதனால்தான்.

அடுத்து கர்னல், அந்த எண்ணைத் தன்னுடைய எண்ணாக மாற்றுகிறது. எந்த நிறுவனத்தின் பலகையாக இருந்தாலும் இந்தக் கட்டத்துக்குப் பிறகு எண்கள் ஒன்றுதான். ஒலியை நிறுத்துவதற்கு 113, குறைக்க 114, கூட்ட 115. அடுத்த பாட்டு 163, ஓட்டு அல்லது நிறுத்து 164, முந்தைய பாட்டு 165, முழுவதும் நிறுத்து 166. கால்குலேட்டர் 140, மின்னஞ்சல் 155. திரை வெளிச்சத்தைக் குறைக்க 224, கூட்ட 225. பின்னால் சோதிக்கும்போது இந்த எண்களைத்தான் தேடப் போகிறோம், அதனால் எங்காவது குறித்து வையுங்கள்.

மூன்றாவது கட்டத்தில் அந்த எண்ணுக்கு ஒரு பெயர் கிடைக்கிறது. மல்டிமீடியா விசைகளின் பெயர்கள் எல்லாம் எக்ஸ்எஃப்86 என்று தொடங்கும். எக்ஸ்ஃப்ரீ86 என்ற பழைய திட்டத்திலிருந்து வந்த முன்னொட்டு அது, இன்றுவரை அப்படியே நிலைத்துவிட்டது.

நான்காவது, டெஸ்க்டாப். க்னோம், பிளாஸ்மா, சினமன், எக்ஸ்எஃப்சிஇ என்று நீங்கள் எதைப் பயன்படுத்தினாலும், அந்தப் பெயரைப் பிடித்து என்ன செய்வது என்று முடிவெடுப்பது அதுதான். ஒலியளவை அதுவே மாற்றிவிடும். பாட்டை நிறுத்துவது, தாவுவது போன்றவற்றை மட்டும் அப்போது ஓடும் பிளேயரிடம் ஒப்படைக்கும்.

ஐந்தாவது, பிளேயர். டெஸ்க்டாப்பும் பிளேயரும் பேசிக்கொள்ளும் முறைக்கு எம்ப்ரிஸ் என்று பெயர். செயலிகள் ஒன்றுக்கொன்று செய்தி அனுப்பும் டி-பஸ் வழியாக நடக்கிற உரையாடல் இது. எம்ப்ரிஸ் தெரியாத பிளேயருக்கு உங்கள் விசை என்ன சொன்னாலும் கேட்காது.

ஒலி விசைகள் வேலை செய்து பாட்டு விசைகள் மட்டும் செய்யாவிட்டால் பெரும்பாலும் ஐந்தாவது கட்டத்தில்தான் சிக்கல் என்று இதிலிருந்தே ஊகித்துவிடலாம். எந்த விசையுமே அசையவில்லை என்றால் முதல் இரண்டு கட்டங்களைப் பாருங்கள்.

மென்பொருளைத் தொடும் முன் எஃப்என் விசை

லேப்டாப்பிலும் சிறிய விசைப்பலகைகளிலும் மல்டிமீடியா குறிகள் எஃப்1 முதல் எஃப்12 வரையான விசைகளின் மேலேயே அச்சிடப்பட்டிருக்கும். எஃப்என் விசையைச் சேர்த்து அழுத்தினால்தான் ஒலி மாறுமா, சேர்க்காமலே மாறுமா என்பதைப் பலகையோ லேப்டாப்பின் பயாஸோ (கணினி தொடங்கும்போது முதலில் ஓடும் மென்பொருள்) முடிவு செய்கிறது. லினக்ஸுக்கு அதில் பெரும்பாலும் பங்கில்லை.

எஃப்என் விசையோடு எஸ்கேப் விசையைச் சேர்த்து அழுத்திப் பாருங்கள். பல லேப்டாப்களில் எஃப்என் பூட்டு அதுதான். எஸ்கேப் விசையின் மேல் ஒரு சிறிய பூட்டுப் படம் இருந்தால் உறுதி. அது இல்லையென்றால், கணினியைத் தொடங்கும்போது பயாஸ் அமைப்புக்குள் போய் ஆக்‌ஷன் கீஸ், ஹாட்கீ மோட், ஃபங்ஷன் கீ பிஹேவியர் போன்ற பெயரில் ஒரு தேர்வு இருக்கிறதா என்று தேடுங்கள்.

ஆப்பிள் விசைப்பலகைகளின் கதை வேறு. அவற்றைக் கவனித்துக்கொள்வது கர்னலில் உள்ள ஹிட்-ஆப்பிள் என்ற டிரைவர். அதில் எஃப்என்மோட் என்று ஒரு அமைப்பு உண்டு. மதிப்பு 1 என்றால் மேல் வரிசை முதலில் மல்டிமீடியா விசைகளாக இயங்கும், எஃப்1 வேண்டுமென்றால் எஃப்என் சேர்க்க வேண்டும். 2 என்றால் அப்படியே தலைகீழ். ஆப்பிள் அல்லாத சில மெக்கானிக்கல் பலகைகளும் தங்களை ஆப்பிள் பலகை என்று அறிமுகப்படுத்திக்கொண்டு இதே டிரைவரிடம் வந்து சேர்கின்றன. உங்கள் மெக்கானிக்கல் பலகையில் எஃப்5 அழுத்தினால் பக்கம் புதுப்பிக்கப்படாமல் வேறு ஏதோ நடக்கிறதென்றால் முதலில் இதைச் சந்தேகியுங்கள். மதிப்பை நிரந்தரமாக்க, ஈடிசி கோப்புறைக்குள் உள்ள மாட்ப்ரோப்-டி கோப்புறையில் ஒரு சிறிய அமைப்புக் கோப்பு எழுத வேண்டும். பலகையின் பக்கத்திலோ பின்புறத்திலோ விண்டோஸ், மேக் என்று மாற்றும் சுவிட்ச் இருந்தால் அதை விண்டோஸ் பக்கம் தள்ளிப் பாருங்கள். பல நேரம் அதுவே போதும்.

டெஸ்க்டாப் அமைப்புகள்

இனி மென்பொருளுக்கு வருவோம். பெரும்பாலானோருக்கு வேலை இங்கேயே முடிந்துவிடும்.

க்னோம் பயன்படுத்துகிறீர்கள் என்றால் (உபுண்டு, ஃபெடோரா இரண்டின் இயல்பான டெஸ்க்டாப் இது) செட்டிங்ஸைத் திறந்து கீபோர்டு பகுதிக்குப் போங்கள். அதில் குறுக்குவிசைகளைப் பார்க்கவும் மாற்றவும் ஒரு வரி இருக்கும். உள்ளே 'சவுண்ட் அண்ட் மீடியா' என்ற தலைப்பின் கீழ் ஒலி, பாட்டு தொடர்பான எல்லாம் வரிசையாக இருக்கும். மாற்ற வேண்டியதைச் சொடுக்கி, புதிய விசையை அழுத்தி, உறுதி செய்யுங்கள். அதே பெட்டியில் பேக்ஸ்பேஸ் அழுத்தினால் அந்தக் குறுக்குவிசை நீங்கும். எஸ்கேப் அழுத்தினால் எதையும் மாற்றாமல் வெளியே வரலாம். நீங்கள் தேர்ந்த விசை ஏற்கெனவே வேறு வேலைக்கு இருந்தால் அதையும் அதுவே சொல்லும்.

இந்தப் பட்டியலைப் பார்த்துப் பலர் குழம்புகிறார்கள். ஒரு வரியில் 'முடக்கப்பட்டது' என்று இருக்கும், ஆனால் விசை நன்றாகவே வேலை செய்யும். அசல் மல்டிமீடியா விசைகளை க்னோம் பின்னணியில் தனியாகக் கட்டி வைத்திருக்கிறது. பட்டியலில் தெரிவது நீங்கள் கூடுதலாகச் சேர்க்கக்கூடிய விசை மட்டுமே. அதனால் அந்தச் சொல்லைப் பார்த்து எதையும் திருத்தப் போகாதீர்கள்.

கால்குலேட்டர், மின்னஞ்சல் விசைகள் 'லாஞ்சர்ஸ்' என்ற தலைப்பில் இருக்கும். அங்கே இல்லாத ஒரு வேலையைச் செய்ய வேண்டுமென்றால், எல்லாவற்றுக்கும் கீழே உள்ள 'கஸ்டம் ஷார்ட்கட்ஸ்' பகுதியில் ஒரு பெயர், ஒரு கட்டளை, ஒரு விசை என மூன்றையும் கொடுத்தால் போதும். குறிப்பு எழுதும் செயலி, கோப்பு மேலாளர், திரையைப் படம் பிடிக்கும் கருவி என்று எதை வேண்டுமானாலும் இப்படி ஒரு விசைக்குள் கொண்டு வரலாம். மின்னஞ்சல் விசையை யாரும் அழுத்துவதே இல்லை என்றால் அதற்கு நல்ல வேலையாக வேறொன்றைக் கொடுங்கள்.

ஒலி ஒவ்வொரு அழுத்தத்துக்கும் அதிகமாகத் தாவுகிறதா? க்னோமில் இயல்பான அளவு 6 சதவீதம். ஷிஃப்ட் சேர்த்து ஒலி விசையை அழுத்தினால் அதைவிடச் சிறிய அளவில் நகரும். இரவில் மெல்லிய ஒலியில் கேட்பவர்களுக்கு இது அருமையான வசதி. நிரந்தரமாக மாற்ற வேண்டுமென்றால் டிகான்ஃப் எடிட்டர் என்ற செயலியில், க்னோமின் செட்டிங்ஸ்-டீமன் பிரிவுக்குள் மீடியா-கீஸ் என்ற இடத்தில் வால்யூம்-ஸ்டெப் மதிப்பைத் திருத்தலாம்.

கேடிஇ பிளாஸ்மாவில் சிஸ்டம் செட்டிங்ஸ், அதில் கீபோர்டு, அதற்குள் ஷார்ட்கட்ஸ். பழைய பதிப்புகளில் ஷார்ட்கட்ஸ் தனித் தலைப்பாகவே இருக்கும். இடப்பக்கப் பட்டியலில் 'ஆடியோ வால்யூம்' ஒன்று, 'மீடியா கண்ட்ரோலர்' ஒன்று. ஒவ்வொரு செயலுக்கும் இயல்பான விசையை அப்படியே விட்டுவிட்டு, கூடவே இன்னொன்றைச் சேர்க்கலாம் என்பது பிளாஸ்மாவின் பெரிய சௌகரியம். மாற்றியதும் 'அப்ளை' அழுத்த மறக்க வேண்டாம். ஒலி நகரும் அளவை, பேனலில் உள்ள ஒலிக் குறியின் அமைப்புகளில் மாற்றலாம்.

லினக்ஸ் மின்ட்டின் சினமனிலும் கீபோர்டு, ஷார்ட்கட்ஸ், 'சவுண்ட் அண்ட் மீடியா' என்ற அதே பாதைதான்.

எக்ஸ்எஃப்சிஇயில்தான் புதியவர்கள் அதிகம் தடுமாறுகிறார்கள். அங்கே ஒலி விசைகளைப் பிடிப்பது பேனலில் உட்கார்ந்திருக்கும் பல்ஸ்ஆடியோ பிளக்-இன். பேனலைச் சுத்தம் செய்கிறேன் என்று அந்தக் குறியை நீக்கினால் ஒலி விசைகளும் கூடவே போய்விடும். குறியை மறுபடி சேர்த்து, அதன் மேல் வலச்சொடுக்கி, பண்புகளுக்குள் போய்ப் பாருங்கள். ஒலிக்கு விசைப்பலகைக் குறுக்குவிசைகளை இயக்க ஒரு தேர்வுப்பெட்டியும், பாட்டு விசைகளை இயக்க இன்னொன்றும் இருக்கும். இரண்டையும் டிக் செய்துவிடுங்கள்.

விசை கர்னலுக்கு வருகிறதா என்று பார்ப்பது

அமைப்புகளில் எல்லாம் சரியாக இருந்தும் விசை அசையவில்லையா? இப்போதுதான் டெர்மினலைத் திறக்க வேண்டும். ஈவ்டெஸ்ட் என்ற சிறிய கருவி பெரும்பாலான லினக்ஸ் மென்பொருள் களஞ்சியங்களில் அதே பெயரில் கிடைக்கும். அதை நிறுவி, நிர்வாகி உரிமை தரும் சூடோ சேர்த்து இயக்குங்கள். உங்கள் கணினியோடு இணைந்துள்ள எல்லா உள்ளீட்டுச் சாதனங்களும் எண்ணோடு வரிசையாக வரும். உங்கள் விசைப்பலகையின் எண்ணைக் கொடுத்துவிட்டு, சந்தேகமான விசையை அழுத்துங்கள். வேலை செய்கிற விசை என்றால் உடனே வரிகள் ஓடும். அவற்றில் முன்பு குறித்து வைத்த 113, 164 போன்ற எண் தெரியும்.

எதுவும் வரவில்லையென்றால் அவசரப்பட்டு முடிவுக்கு வராதீர்கள். கண்ட்ரோல்-சி கொடுத்து வெளியே வந்து, மறுபடி இயக்கி, அதே பலகையின் பெயரோடு கன்சூமர் கண்ட்ரோல் என்று இருக்கும் வரியைத் தேர்ந்தெடுங்கள். லேப்டாப் என்றால் இன்னும் சில இடங்களைப் பார்க்க வேண்டும். திங்க்பேடில் 'எக்ஸ்ட்ரா பட்டன்ஸ்', அசூஸில் 'டபிள்யூஎம்ஐ ஹாட்கீஸ்', வேறு பல லேப்டாப்களில் 'இன்டெல் ஹிட் ஈவென்ட்ஸ்' என்ற பெயர்களில் சிறப்பு விசைகள் தனிச் சாதனமாக நிற்கும். வெளிச்ச விசைகள் 'வீடியோ பஸ்' என்ற பெயருக்குள் ஒளிந்திருக்கும்.

ஈவ்டெஸ்ட் திறந்திருக்கும்போது அந்தப் பலகையில் நீங்கள் தட்டும் எல்லாமே திரையில் பதிவாகும். அந்த நேரத்தில் கடவுச்சொல் எதையும் தட்டாதீர்கள், வேலை முடிந்ததும் மூடிவிடுங்கள்.

பல குறிப்புகளில் இதற்கு எக்ஸ்-ஈவி என்ற கருவியைச் சொல்வார்கள். சாளரங்களைத் திரையில் காட்டி, விசைகளை அவற்றுக்கு அனுப்பும் பழைய முறையான எக்ஸ்11-க்கானது அது. புதிய முறையான வேலண்டில் அதன் இணை டபிள்யூ-ஈவி. இரண்டும் நல்ல கருவிகள்தான், ஆனால் மல்டிமீடியா விசைகளில் அவை ஏமாற்றக்கூடியவை. டெஸ்க்டாப் ஏற்கெனவே பிடித்துக்கொண்ட விசை அந்தச் சாளரத்துக்கு வந்தே சேராது. நன்றாக வேலை செய்யும் விசையே அங்கே செத்தது போலத் தெரியும். இன்னொன்று: எக்ஸ்-ஈவி காட்டும் எண், கர்னல் எண்ணைவிட 8 அதிகமாக இருக்கும். 164 அங்கே 172. அதனால் முதலில் ஈவ்டெஸ்ட்.

ஈவ்டெஸ்ட்டில் மூன்று விதமான விடைகள் கிடைக்கலாம். சரியான எண் வந்தால் விசை நலம், சிக்கல் டெஸ்க்டாப்பிலோ பிளேயரிலோ இருக்கிறது. தவறான எண் வந்தாலோ, 'தெரியாதது' என்ற பொருளில் 240 வந்தாலோ, விசைக்குப் புது அர்த்தம் கொடுக்க வேண்டும். எந்தச் சாதனத்திலும் எதுவுமே வரவில்லை என்றால் அந்த விசையைப் பலகையே தனக்குள் வைத்துக்கொள்கிறது, அல்லது உங்கள் லேப்டாப்பின் டிரைவர் இந்தக் கர்னலில் இன்னும் முழுமையாக இல்லை. பின்னதற்குப் புதிய கர்னலில் சோதிப்பது பலன் தரும். புதிய பதிப்பு லினக்ஸ் ஒன்றை யூஎஸ்பியில் போட்டு, நிறுவாமல் லைவாக ஓட்டி, அங்கே விசை வருகிறதா என்று பார்த்துவிடலாம்.

ஒரு விதிவிலக்கு. மைக்கை அணைக்கும் விசையை அழுத்தினால் ஈவ்டெஸ்ட்டில் எஃப்20 என்று வந்தால் அது கோளாறு அல்ல. மைக் அணைப்புக்குக் கர்னல் தந்த எண் 248. எக்ஸ்11-இல் 8 சேர்த்தால் 256 ஆகிவிடும். எக்ஸ்11-இன் எல்லையோ 255. ஒரே ஒரு எண்ணால் அந்த விசை வெளியே நின்றுவிடுகிறது. அதனால் பல லேப்டாப் மாடல்களுக்கு அதை எஃப்20 ஆக மாற்றி உள்ளே அனுப்பி, மேலே வந்ததும் மைக் அணைப்பு என்று பெயர் கொடுக்கும் ஏற்பாட்டைச் செய்தார்கள். அதைத் திருத்தப் போனால் வேலை செய்கிற விசையைக் கெடுத்துக்கொள்வீர்கள்.

விசைக்குப் புது அர்த்தம் கொடுப்பது

இதற்கு வழிகள் பல இருக்கின்றன. புதியவர்களுக்கு நான் தயங்காமல் சொல்வது இன்புட் ரீமேப்பர். சாளரத்தில் சொடுக்கியே எல்லாம் செய்யலாம், எக்ஸ்11, வேலண்ட் இரண்டிலும் ஓடும், பிடிக்கவில்லையென்றால் ஒரே சொடுக்கில் நிறுத்திவிடலாம்.

நிறுவித் திறந்ததும் கடவுச்சொல் கேட்கும். சாதனங்களின் பட்டியலில் உங்கள் பலகையைத் தேர்ந்தெடுங்கள். ஒரு புதிய அமைப்பை உருவாக்கி அதற்கு ஒரு பெயர் வையுங்கள். 'ரெக்கார்ட்' பொத்தானைச் சொடுக்கி, மாற்ற வேண்டிய விசையை அழுத்துங்கள், அது உள்ளீடாகப் பதிவாகும். வெளியீட்டுப் பகுதியில் இலக்கு விசைப்பலகை என்று இருக்கட்டும். அதன் கீழே வேண்டிய விசையின் பெயரைத் தட்டத் தொடங்கினாலே பொருந்தும் பெயர்கள் வந்து நிற்கும். தேர்ந்தெடுத்து 'அப்ளை' கொடுங்கள். நன்றாக வேலை செய்கிறது என்று பார்த்த பிறகு 'ஆட்டோலோட்' சுவிட்சை இயக்குங்கள். அப்போதுதான் கணினியை மறுபடி தொடங்கும்போதும் அது நினைவில் இருக்கும். வேலை செய்ததை உறுதிசெய்யும் முன் ஆட்டோலோட் வேண்டாம். தவறாகிப் போனால் ஒரு மறுதொடக்கத்தில் எல்லாம் பழைய நிலைக்கு வந்துவிடும்.

எழுத்துக் கோப்பில் அமைப்புகளை எழுதப் பிடிக்கும் என்றால் கீ-டி என்ற பின்னணி நிரல் நேர்த்தியாக இருக்கும். ஒரே கோப்பு, சில வரிகள், அவ்வளவுதான். ஒரு விசையை நீண்ட நேரம் அழுத்தினால் வேறு வேலை, மற்றொன்றோடு சேர்த்தால் வேறு அடுக்கு என்று அதில் நிறையச் செய்யலாம். தவறான அமைப்பால் பலகையே பூட்டிக்கொண்டால் பேக்ஸ்பேஸ், எஸ்கேப், என்டர் மூன்றையும் ஒன்றாக அழுத்துங்கள். கீ-டி நின்றுவிடும். நிறுவும் முன்பே இதை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்.

இந்த இரண்டு நிரல்களும் பலகையைத் தங்கள் பிடியில் வைத்துக்கொள்கின்றன. அவை ஓடும்போது ஈவ்டெஸ்ட் 'இந்தச் சாதனம் வேறொன்றின் பிடியில் உள்ளது' என்று சொல்லி எதையும் காட்டாது. சோதிக்கும் முன் அவற்றை நிறுத்திவிடுங்கள்.

மூன்றாவது வழி, கணினியின் சேவைகளைத் தொடங்கி நடத்தும் சிஸ்டம்-டியின் ஹார்டுவேர் தரவுத்தளம். ஸ்கேன் கோடு கர்னல் எண்ணாக மாறும் இடத்திலேயே இது திருத்துகிறது, எந்தக் கூடுதல் நிரலும் ஓட வேண்டியதில்லை. ஈவ்டெஸ்ட்டில் விசையை அழுத்தும்போது எம்எஸ்சி-ஸ்கேன் என்ற வரியில் ஒரு மதிப்பு வரும், அதுதான் ஸ்கேன் கோடு. ஈடிசி கோப்புறைக்குள் யூடெவ், அதற்குள் ஹார்டுவேர் தரவுத்தளத்துக்கான கோப்புறையில் 90 என்று தொடங்கும் பெயரில் ஒரு கோப்பு எழுத வேண்டும். முதல் வரி எந்தப் பலகை என்பதைச் சொல்லும். அடுத்த வரியில் ஸ்கேன் கோடும் அதற்கான விசைப் பெயரும். இரண்டாவது வரியின் தொடக்கத்தில் ஒரு இடைவெளி கட்டாயம். அது இல்லையென்றால் அந்த வரி சாதனத்தின் கீழ் சேராது, ஏன் வேலை செய்யவில்லை என்று மண்டையைப் பிய்த்துக்கொள்ள வேண்டியிருக்கும். எழுதியபின் தரவுத்தளத்தைப் புதுப்பிக்கும் கட்டளையை ஓட்டி, பலகையைக் கழற்றி மாட்டினால் போதும். தவறான எண் அனுப்பும் ஒரே ஒரு விசைக்கு இதுதான் மிகச் சுத்தமான மருந்து. ஆனால் முதல் நாளே இதில் இறங்க வேண்டாம்.

எக்ஸ்மாட்மேப், எக்ஸ்பைண்ட்கீஸ் என்ற பழைய விசை மாற்றும் கருவிகளைச் சொல்லும் வழிகாட்டிகளைக் கண்டால், நீங்கள் ஓட்டுவது எக்ஸ்11 அமர்வா வேலண்டா என்று முதலில் பாருங்கள். செட்டிங்ஸில் கணினி பற்றிய பகுதியில் அது எழுதியிருக்கும். வேலண்டில் எந்தச் செயலியும் எல்லா விசைகளையும் ஒட்டுக்கேட்க முடியாது, பாதுகாப்புக்காக அப்படி வடிவமைத்திருக்கிறார்கள். ஆகவே எக்ஸ்பைண்ட்கீஸ் அங்கே பலிக்காது. 2024 பிப்ரவரியில் வந்த பிளாஸ்மா 6 முதல் கேடிஇயும் இயல்பாக வேலண்டுக்கு மாறிவிட்டது. க்னோம் அதற்கு வெகு முன்பே மாறிவிட்டது.

விசை சரி, பிளேயர் கேட்கவில்லை

ஒலி விசைகள் ஓடுகின்றன, 164 சரியாக வருகிறது, ஆனால் பாட்டு நிற்கவில்லை. இங்கே பிளேயர்சிடிஎல் என்ற கருவியை நிறுவுங்கள். பிளேயர்களைப் பட்டியலிடச் சொன்னால், அந்த நேரத்தில் எம்ப்ரிஸ் பேசும் எல்லாச் செயலிகளின் பெயரும் வரும். உங்கள் பிளேயர் அந்தப் பட்டியலில் இல்லையென்றால் விசைப்பலகையை எவ்வளவு நோண்டினாலும் பயனில்லை. விஎல்சி, ரிதம்பாக்ஸ், எலிசா போன்றவை எம்ப்ரிஸை உள்ளேயே வைத்திருக்கின்றன. எம்பிவி வைத்திருக்கவில்லை, அதற்கு எம்பிவி-எம்ப்ரிஸ் என்ற துணைநிரலைத் தனியாகச் சேர்க்க வேண்டும்.

பட்டியலில் இரண்டு மூன்று பெயர்கள் வருகிறதா? அப்படியென்றால் தவறான இடத்தில் வீடியோ ஓடுவதற்கான காரணம் கிடைத்துவிட்டது. ஃபயர்ஃபாக்ஸ் 2020-இல் வந்த 81-ஆம் பதிப்பு முதல் மீடியா விசைகளுக்குச் செவி கொடுக்கிறது. குரோமியமும் அப்படியே. பிரவுசரில் நிறுத்தி வைத்த ஒரு வீடியோவும் வரிசையில் நிற்கும், உங்கள் விசை அதைப் போய் எழுப்பிவிடும். பிரவுசரை இந்த வரிசையிலிருந்து விலக்க, ஃபயர்ஃபாக்ஸ் அமைப்புகளின் பொதுப் பகுதியில், கீழே உலாவல் தலைப்பில், விசைப்பலகை அல்லது ஹெட்செட் வழியாக மீடியாவைக் கட்டுப்படுத்தும் தேர்வை எடுத்துவிடுங்கள்.

பிரவுசரும் வேண்டும், பாட்டுச் செயலிக்கு முன்னுரிமையும் வேண்டும் என்றால், பிளேயர்சிடிஎல் கட்டளையில் பிளேயர்களின் பெயரை வரிசையாகக் கொடுக்கலாம். முதலில் விஎல்சி, அது இல்லையென்றால் வேறு எதுவானாலும் என்று சொல்ல முடியும். அந்தக் கட்டளையைத் தனிக் குறுக்குவிசையாக டெஸ்க்டாப் அமைப்புகளில் சேர்த்துவிடுங்கள். கடைசியாக இயங்கிய பிளேயரை நினைவில் வைத்துக்கொள்ளும் பிளேயர்சிடிஎல்-டி என்ற பின்னணி நிரலும் அதனோடு வருகிறது.

பலகையில் அந்த விசைகளே இல்லையென்றால்

டெஸ்க்டாப் அமைப்புகளில் வேறு விசைகளைக் கொடுத்தால் ஆயிற்று. பாஸ் விசையைப் பலர் தொடுவதே இல்லை, ஓட்டு, நிறுத்து இரண்டுக்கும் அதை ஒதுக்கலாம். மற்றவற்றுக்கு சூப்பர் விசையோடு (விண்டோஸ் குறி உள்ள விசை) எஃப் வரிசை விசைகளைச் சேர்த்துப் பாருங்கள். சூப்பரோடு அம்பு விசைகள் வேண்டாம், சாளரங்களை நகர்த்த அவை ஏற்கெனவே தேவைப்படுகின்றன.

ஐ3, ஸ்வே போன்ற சாளர மேலாளர்களில் எல்லா விசைகளும் இயல்பாகக் கட்டப்பட்டிருக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். இல்லாத ஒவ்வொன்றுக்கும் அமைப்புக் கோப்பில் ஒரு வரி எழுத வேண்டும். பாட்டுக்கு பிளேயர்சிடிஎல், பைப்வயர் என்ற ஒலி அமைப்புக்கு டபிள்யூபிசிடிஎல், வெளிச்சத்துக்கு பிரைட்னஸ்சிடிஎல் என்று மூன்று கருவிகள் போதும். டபிள்யூபிசிடிஎல்லில் உச்ச அளவை 1.0 என்று கட்டிவிட்டால் ஒலி 100 சதவீதத்தைத் தாண்டாது. காதுக்கு நல்லது, மறக்காமல் செய்யுங்கள். ஸ்வேயில் அந்த வரிகளோடு 'லாக்டு' என்ற தேர்வையும் சேர்த்தால், திரை பூட்டியிருக்கும்போதும் ஒலியைக் குறைக்க முடியும்.

புளூடூத் ஹெட்போன் பொத்தான்கள்

இவையும் லினக்ஸுக்கு ஒரு விசைப்பலகை போலத்தான் தெரியும். ஈவ்டெஸ்ட் பட்டியலில் ஹெட்போனின் பெயரோடு ஏவிஆர்சிபி என்று சேர்ந்து நிற்கும். ஆனால் இவை 164 அனுப்புவதில்லை. ஓட்டுவதற்கு 200, நிறுத்துவதற்கு 201 என்று தனித்தனியாக அனுப்புகின்றன. இப்போது பாட்டு ஓடுகிறதா இல்லையா என்று ஹெட்போன் தானே ஊகித்து இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கிறது. ஊகம் தவறும்போது முதல் அழுத்தம் வீணாகி, இரண்டாவது அழுத்தத்தில்தான் பாட்டு நிற்கும். லினக்ஸின் புளூடூத் மென்பொருளான புளூஸ் தொகுப்போடு வரும் எம்ப்ரிஸ்-ப்ராக்ஸி என்ற சிறிய நிரலை உள்நுழையும்போதே ஓடும்படி வைத்தால், பிளேயரின் நிலை ஹெட்போனுக்குத் தெரிந்துகொண்டே இருக்கும், இந்த இரட்டை அழுத்தமும் தேவைப்படாது.

சரிசெய்ததை மற்றவர்களுக்கும் கொடுங்கள்

ஹார்டுவேர் தரவுத்தளத்தில் ஒரு விசையைச் சரிசெய்துவிட்டீர்கள் என்றால் அந்த வரிகளை உங்கள் கணினியோடு நிறுத்திவிடாதீர்கள். சிஸ்டம்-டி திட்டத்தின் விசைப்பலகைக் கோப்பு, 60 என்ற எண்ணில் தொடங்குவது, இப்படிப் பயனர்கள் அனுப்பிய வரிகளால்தான் வளர்ந்திருக்கிறது. அதைத் திறந்து பார்த்தால் ஏசர், டெல், எச்பி, லெனோவா என்று நிறுவனவாரியாக நூற்றுக்கணக்கான வரிகள் இருக்கும். அனுப்பும்போது நான்கு விவரங்கள் தேவை: நிறுவனத்தின் பெயர், மாடலின் முழுப் பெயர், விசையின் மேல் அச்சிட்டிருக்கும் படம் என்ன என்பது, ஈவ்டெஸ்ட் காட்டிய ஸ்கேன் கோடு. மாடல் பெயரை லேப்டாப்பின் அடியில் ஒட்டிய தாளிலிருந்து எடுக்க வேண்டாம். டிஎம்ஐ-டீகோட் என்ற கருவி காட்டும் பெயரைக் கொடுங்கள், தரவுத்தளம் ஒப்பிட்டுப் பார்ப்பது அந்தப் பெயரைத்தான். அந்த வரி ஏற்கப்பட்டு அடுத்த வெளியீட்டில் வந்துவிட்டால், அதே மாடலை வாங்கி லினக்ஸ் போடுபவருக்கு அந்த விசை முதல் அழுத்தத்திலேயே வேலை செய்யும்.